மூடுபனியில் எம்மைக் காணுமா அந்தக் கார்?

அண்மையில் ஹட்டனுக்கு அருகில் உள்ள தோட்டமொன்றில் மகளிர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். "மிஸ், டிரைவர் இல்லாமலே ஓடுற கார் வந்திருச்சாமே! நம்ம றோட்டுல ஓடுமா?" என்று ஓர் அக்கா கேட்டார். யுத்தத்தில் கணவரை இழந்து, வன்னியிலிருந்து பிள்ளைகளோடு தான் பிறந்த தோட்டத்திற்கே திரும்பியவர் அவர். தினமும் காலையில் பனி மூடிய வீதியோரமாகக் கொழுந்து மலைக்கு நடந்து போகிறவர்.

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எம்மால் மறக்க முடியுமா?

அந்தக் காருக்குக் கமராக்களும் ரேடார்களும் கண்கள். மூளையாக இருப்பது 'சிப்'. கைத்தொலைபேசிக்குள் இருப்பதும் ஒரு சிப்தான்; இது அதைவிடப் பன்மடங்கு வேலை செய்யும். என்விடியா நிறுவனத்தின் 'ஒரின்' என்ற சிப்பில் 1,700 கோடி நுண்ணிய மின் சுவிட்சுகள் உள்ளன. அது ஒரு விநாடியில் 254 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்லது. டெஸ்லா நிறுவனம் 2019இல் தன் கார்களில் பொருத்திய கணினியில் இரண்டு சிப்கள் இருந்தன. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்ய வேண்டும் என்பதே காரணம்.

ஆனால் வேகமாகக் கணக்குப் போடுவது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. 2018 மார்ச் 18ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் பரிசோதனைக் கார் மோதி 49 வயதுப் பெண்ணொருவர் உயிரிழந்தார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்தவர். மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம் என்றும், வேறேதோ பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாறி மாறி எண்ணியது. பாதசாரிக் கடவைக்கு வெளியேயும் மனிதர் வீதியைக் கடப்பார்கள் என்பது அதற்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. கண்காணிப்பதற்காக அமர்ந்திருந்தவரின் கவனமோ கைத்தொலைபேசியில் இருந்தது.

அப்படியானால் சிப்புக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்? மனிதர்கள்தாம். வீதிப் படங்களைக் கணினித் திரையில் வைத்து, "இது மனிதர், இது மாடு, இது முச்சக்கரவண்டி" என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடிட்டுப் பெயரிடுகிறார்கள். அப்படிப்பட்ட இலட்சக்கணக்கான படங்களிலிருந்தே அது கற்கிறது. சென்னையில் வளர்ந்து பொறியியல் படித்த ராதா பாசு என்ற பெண்மணி 2012இல் தொடங்கிய 'ஐமெரிட்' நிறுவனத்தில் இந்த வேலை நடக்கிறது. கொல்கத்தாவின் மட்டியாபுருஸ் பகுதியில், வீட்டை விட்டு வேலைக்குப் போயறியாத குடும்பங்களின் இளம் பெண்கள் பலர் இதைக் கற்றுச் சம்பாதிக்கத் தொடங்கினார்கள்.

எமது வீதியைச் சற்று நினைத்துப் பாருங்கள். இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கொழுந்து சுமந்து, பனிக்குள் வரிசையாக நடக்கும் பெண்கள், வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் லொறி, கரையில் மண்சரிவு. இந்தப் படங்களைக் காட்டிப் பழக்காத கார் எம்மைச் சரியாக அடையாளம் காணும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே அக்காவுக்கு நான் சொன்ன பதில், "இப்போதைக்கு ஓடாது" என்பதுதான்.

ஆனால் அந்த வேலை எமது பிள்ளைகளுக்கும் எட்டக்கூடியது. பாடசாலையில் கணினி படிக்கும் மகள்மாரை இடைநடுவில் நிறுத்தாதீர்கள். படத்திற்குப் பெயரிடும் வேலை என்று யாராவது அழைத்தால், சம்பளம் மாதத்திற்கா, படத்திற்கா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதி உண்டா என்று கேளுங்கள். பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நெடுநேரம் திரையைப் பார்க்கும் கண்களுக்கு ஓய்வு வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

எல்லாவற்றையும் கேட்டிருந்த அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அதுக்கும் நாமதான் சொல்லிக்குடுக்கணும். நாம போற வழிய நம்மளவிட யாரு மிஸ் அறிவா?" என்றார்.