மூட்டை ஏன் கனக்கிறது?

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சியில் தோபிக்கானா இருக்கிறது. தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே துணி வெளுக்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் நாங்கள் என்று அவர்கள் சொல்வதுண்டு. கல்லில் துவைக்கிறார்கள். முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயவைக்கிறார்கள். கிளிப்பே வேண்டியதில்லை.

அங்கே வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் தூக்கிய அதே மூட்டைதான். இந்த வருடம் தூக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ வேண்டியிருக்கிறது. "வயசாயிடுச்சும்மா, இனி அப்படித்தான்" என்கிறான் மகன். அவரும் நம்பிவிடுகிறார். வேலை குறைகிறது. கூலியும் குறைகிறது.

வயது ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. அவருக்கு மாதவிடாய் நின்று இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும்.

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 50 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வரவில்லை என்றால் நின்றுவிட்டது என்று கணக்கு. கருப்பையின் இரண்டு பக்கமும் சினைப்பைகள் இருக்கின்றன. அவைதான் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. பிள்ளை பெறுவதற்கு மட்டும் அல்ல, எலும்புக்கும் தசைக்கும் அது வேண்டும்.

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் சுவர் உதிர்கிறது. உதிர உதிரப் பூசினால் சுவர் நிற்கும். தசையும் அப்படித்தான். தினமும் தேய்கிறது. தினமும் உடம்பு அதைச் சரிசெய்கிறது. அந்த வேலைக்கு ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் மிகவும் குறைந்துவிடுகிறது. பூச்சு வேலை மெதுவாகிறது. தேய்மானம் முந்திக்கொள்கிறது. உடம்பு பருமனாக இருந்தாலும் இது நடக்கும். கொழுப்பு வேறு, தசை வேறு.

ஆபரேஷனில் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், இந்த மாற்றம் திடீரென்று வரும். கருப்பை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், "சினைப்பையையும் எடுப்பீர்களா? ஏன்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

"நாள் முழுக்கத் துவைக்கிறேனே, அது போதாதா?" நியாயமான கேள்விதான். துவைப்பதில் கையும் முதுகும் உழைக்கின்றன. கால் நின்று நின்று களைக்கிறது. களைப்பு வேறு, பலம் வேறு. கிடங்கில் உட்கார்ந்து சுக்கு பொறுக்கும் பெண்களுக்குக் காலுக்கு வேலையே இல்லை. தொடையும் இடுப்பும்தான் நம்மை எழுப்பி நிறுத்துகின்றன. அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்ட வேண்டும்.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதில் உட்காருங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். மெதுவாக உட்காருங்கள். பத்து முறை செய்யுங்கள். சற்று ஓய்வுக்குப் பின் இன்னொரு பத்து. வாரத்தில் மூன்று நாள் போதும். அது சுலபமானால், கைக்கு ஒன்றாகத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். முட்டியில் வீக்கமோ கடும் வலியோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த வயதில் தசை வளருமா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இதைச் சோதித்தார்கள். முடிவு 1990-ல் வெளிவந்தது. 86 முதல் 96 வயது வரை உள்ளவர்கள் எட்டு வாரம் காலால் பாரம் தூக்கிப் பழகினார்கள். அவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள்! அதே 1990-ல்தான் நம் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அப்போது பாட்டிமார்களும் பென்சில் பிடித்தார்கள்.

தசைக்குப் புரதச் சத்து வேண்டும். 50 கிலோ எடை உள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் மத்தி மீனில் சுமார் 20 கிராம். மத்தி கொச்சியில் கிடைக்கும். வீட்டுக்கும் வரும். ஆனால் மீன் துண்டெல்லாம் ஆண்கள் தட்டுக்குப் போய்விடும். கடைசியில் சாப்பிடும் அம்மாவுக்குக் குழம்பு மட்டும் மிஞ்சும். அவருக்கான துண்டை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். மீன் சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு, கடலை, பயறு, தயிர் உண்டு. சிறுநீரக நோய் இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுதான்.

ஹார்மோன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. சிலருக்கு அது கெடுதல். மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி இரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மட்டாஞ்சேரியில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது.

இன்று கை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிந்தது? நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் அதன் கீழே இன்னொரு எண் எழுதுங்கள்.