இல்லத்திற் கட்டும் மரத்தோணி: பிசினும் நுரையும்

தோணி கட்டுதல் நெடுங்காலமாக ஓடாவிகளுக்கே உரிய தொழிலாக விளங்கி வந்தது. பலகையோடு பலகை இடைவெளியின்றிப் பொருந்துமாறு இழைத்தலும், வங்குகளுக்கேற்ற வளைமரத்தைத் தெரிந்தெடுத்தலும், பொருத்துகளிற் பஞ்சு செலுத்திக் கலப்பத்துப் பார்த்தலும் பல்லாண்டுப் பயிற்சியினாலன்றிக் கைவாரா. ஆயினும் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பட்டறையும் பயிற்சியும் இல்லாத குடும்பத்தவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு தோணி கட்டும் வழக்கம் பல நாடுகளிற் பரவிற்று. இம்மாற்றத்தை விளைத்த பொருள்கள் மூன்று. அவை ஒட்டுப்பலகை, செயற்கைப் பிசின், நுரை என்பன. இவை ஓடாவியின் கைத்திறனிற் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டன. ஆனால் அவனுக்கு இன்றியமையாததாயிருந்த விழிப்பினை அவை ஏற்றுக்கொள்ளவில்லை. அது கட்டுவோனுடைய பொறுப்பாகவே இன்றும் எஞ்சி நிற்கின்றது.

இவ்வழக்கத்திற்கு எடுத்துக்காட்டாக இங்கிலாந்தில் 1963 ஆம் ஆண்டு வெளிவந்த 'மிரர்' என்னும் சிறு பாய்த்தோணியைக் குறிப்பிடலாம். தோணி வடிவமைப்பில் வல்லவரான ஜாக் ஹோல்ட் என்பவரும், வீட்டு வேலைகளைத் தொலைக்காட்சியிற் கற்பித்து வந்த பரி பக்னெல் என்பவரும் சேர்ந்து அதனை ஆக்கினர். 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவோடு வெளிவந்தமையால் அது அப்பெயர் பெற்றது. 10 அடி 10 அங்குல நீளமுடைய அத்தோணியின் பலகைகள் முன்னரே வெட்டப்பட்டு, ஒரு தொகுதியாக விற்கப்பட்டன. வாங்கியவர் அவற்றைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேற் கண்ணாடிநார் நாடாவை வைத்துப் பிசின் பூசினாற் போதும். இன்றுவரை 70,000 இற்கு மேற்பட்ட மிரர் தோணிகள் கட்டப்பட்டுள்ளன.

தோணியைத் தைத்தல் என்பது கீழைக் கடல்களுக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையின் மசுலாப் படகுகளிற் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டன. இலங்கையின் 'ஒருவ' என்னும் புறமிதவைத் தோணியிலும், குடைந்த அடிமரத்தின்மேற் பக்கப் பலகைகள் கயிற்றாலேயே பிணைக்கப்பட்டன. ஆணி அறையப்படாத அப்படகுகள் அலையடியில் உடையாது நெகிழ்ந்து கொடுத்தன. அவற்றிலே தையல்தான் மூட்டு. புதிய முறையிலோ தையல் பிசின் இறுகும் வரையிற் பலகைகளைப் பிடித்து வைக்கும் கைகளேயாகும். பிசின் இறுகியதும் கம்பி அகற்றப்படும், பிசினே மூட்டாகின்றது.

வேலையின் ஒழுங்கு பின்வருமாறு அமையும். 4 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகையில் அடிப்பலகை, பக்கப்பலகை, பின்பலகை ஆகியவற்றின் உருவங்கள் வரைந்து வெட்டப்படும். விளிம்புகளிற் சிறு துளைகள் இட்டுக் கம்பியைக் கோத்து முறுக்கியவுடன், தட்டையான பலகைகள் வளைந்து தோணியுருவம் பெறுகின்றன. இந்நிலையில் அது முறுகியிருத்தல் கூடும். ஆதலின் அணியத்தின் நடுவிலிருந்து பின்பலகையின் இரு மூலைகளுக்கும் உள்ள தூரங்களை அளந்து ஒப்பிடுதலும், பின்னே நின்று குறுக்குச் சட்டங்கள் ஒரே மட்டத்தில் உள்ளனவா எனப் பார்த்தலும் வேண்டும். பிசின் இறுகியபின் முறுக்கலைத் திருத்த வழியில்லை. உருவம் செம்மையானதும், மரத்தூள் கலந்து தடிப்பாக்கிய பிசின் உள்மூலைகளிற் குழிவாக வார்க்கப்படும். அதன்மேல் கண்ணாடிநார் நாடா பதிக்கப்படும். பின்னர் தோணியைக் கவிழ்த்து, வெளிமூலைகளை உருட்டி இழைத்து, அவற்றின்மேலும் நாடா ஒட்டப்படும். கூரிய விளிம்பிற் கண்ணாடிநார் படியாது என்பதே உருட்டுவதற்குக் காரணம்.

முதலில் வந்த மிரர் தோணிகளிற் பொலியெசுத்தர்ப் பிசின் பயன்பட்டது. பின்னர் மரத்தோடு மிக உறுதியாக ஒட்டும் எப்பொக்சிப் பிசின் அதன் இடத்தைப் பெற்றது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பே சிற்றி நகரில், கூஜன் உடன்பிறந்தார் 1960 களின் இறுதி தொட்டு மரத்தையும் எப்பொக்சியையும் இணைத்துத் தோணிகள் கட்டினர். அம்முறையை 1979 ஆம் ஆண்டு ஒரு நூலாகவும் வெளியிட்டனர்.

இவ்விரு பிசின்களும் இறுகும் வகை வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையே பல பிழைகளுக்குக் காரணமாகின்றது. பொலியெசுத்தரில் இடப்படும் சிறு துளி மருந்து வினையைத் தொடக்கிவைக்கும் தூண்டுகோல் மாத்திரமே. அதன் அளவு சற்றுக் கூடினும் குறையினும் பிசின் இறுகிவிடும். எப்பொக்சி அத்தகையதன்று. அதன் மூலக்கூற்று முனைகளில் இரு காபன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் சேர்ந்த முக்கோண வளையங்கள் உள்ளன. வலிந்து வளைத்த வில்லைப் போல இறுக்கமுற்றிருக்கும் அவ்வளையங்களை, வன்மையாக்கி எனப்படும் இரண்டாந் திரவத்திலுள்ள அமீன் சேர்வைகள் திறந்து பிணைகின்றன. ஒரு வளையத்திற்கு அமீனின் ஓர் ஐதரசன் வேண்டும். எனவே இரு திரவங்களும் ஒன்றுக்கொன்று இணையானவை. எது மிகினும் மிகுந்த பகுதி துணையின்றி மென்மையாகவே கிடக்கும். விரைவில் இறுகட்டும் என்று வன்மையாக்கியைக் கூட்டி ஊற்றுவோன் மூட்டை மெலிவிக்கின்றான். நிறையாலோ கனவளவாலோ, ஆக்கியோர் குறித்த விகிதத்தில் அளந்து, பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலத்தல் வேண்டும்.

இவ்வினை வெப்பத்தையும் வெளிவிடுகின்றது. ஆழமான பாத்திரத்திற் பெருமளவு கலந்து வைத்தால் வெப்பம் வெளியேற இடமின்றிப் பெருகும். வெப்பம் பெருக வினையும் விரையும். ஈற்றிற் பாத்திரத்திலிருந்தே புகை எழும். எனவே சிறிதளவு கலந்து அகன்ற தட்டிற் பரப்பி வைத்தலே முறை. வெப்ப நாடுகளில் மெதுவாக இறுகும் வன்மையாக்கியைத் தெரிவுசெய்து, காலையிலோ மாலையிலோ வேலை செய்தல் நன்று. இறுகாத எப்பொக்சி தோலிற் படுமாயின் ஒவ்வாமை தோன்றக்கூடும். ஒருமுறை தோன்றிய ஒவ்வாமை பெரும்பாலும் நீங்குவதில்லை. கையுறையின்றி அதனைத் தொடுதல் ஆகாது.

இனி மரத்திற்கும் நீருக்கும் உள்ள உறவு நோக்கற்பாலது. பழைய பலகைத் தோணி நீரை நண்பனாகக் கொண்டது. நீரில் இறங்கியதும் பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்க, ஒழுக்கு அடைபடும். எப்பொக்சித் தோணியோ நீரைப் புறத்தே நிறுத்துவதால் வாழ்வது. மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணம் வளர, மரத்தின் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் இருத்தல் வேண்டும். காய்ந்த மரத்தை எல்லாப் புறமும் பிசினால் மூடினால் ஈரம் அவ்வளவிற்கு ஏறுவதில்லை. ஆயின், மூடாது விட்ட ஓர் ஆணித்துளை போதும். அவ்வழியே புகுந்த நீர் பிசின் உறைக்குள்ளே சிறைப்பட்டு, மரத்தை உள்ளிருந்தே அழிக்கும். இதனைத் தடுக்கத் துளையைப் பெரிதாக இட்டு, அதனைப் பிசினால் நிரப்பி, இறுகியபின் அப்பிசினின் நடுவே திருகாணிக்கு உரிய துளை இடுவர். வெட்டுமுனைகளுக்கு இரட்டைப் பூச்சு இடுவர். எப்பொக்சி ஞாயிற்றொளியிற் சிதைவதாதலின் அதன்மேல் வண்ணமோ வார்ணிசோ பூசுவர்.

தோணி நீர் நிறைந்து அமிழும் வேளையில் உயிரைக் காப்பது நுரையாகும். மூடிய காற்றறைகளும் மிதப்பைத் தருவனவே. ஆனால் ஒரு வெடிப்பினால் அவை பயனற்றுப் போகும். மூடிய நுண்கலங்களையுடைய நுரைக்கட்டி துளைபட்டாலும் மிதக்கும். கணக்கு ஆக்கிமிடீசின் விதியைப் பற்றியது. ஒரு கனமீற்றருக்கு 30 கிலோகிராம் நிறையுள்ள நுரையில் ஒரு இலீற்றர் எடுத்தால் அது 30 கிராம் நிற்கும். அது நீரில் அமிழ்ந்தால் ஒரு கிலோகிராம் நீரை அகற்றும். எனவே 970 கிராம் பாரத்தைத் தாங்கும். ஒரு மீற்றர் நீளமும் 50 சதமமீற்றர் அகலமும் 20 சதமமீற்றர் உயரமும் உள்ள கட்டி 100 இலீற்றர் கொள்ளும். அது 97 கிலோகிராமைத் தாங்கும். ஆனால் அளவு மட்டும் போதாது, இடமும் முக்கியம். நுரையெல்லாம் அடித்தளத்திற் கிடந்தால் அது மேலெழ முயன்று, நீர் நிறைந்த தோணியைக் கவிழ்க்கும். இரு பக்கங்களிலும் உயரத்தே, விளிம்பிற்கு அண்மையிலும் முனைகளிலும் வைத்தால் தோணி நிமிர்ந்து நிற்கும்.

நுரையின் இனத்தையும் அறிதல் வேண்டும். பொதிகளில் வரும் வெண்ணிறப் பொலிஸ்ரைரீன் நுரை, பொலியெசுத்தர்ப் பிசினிலுள்ள ஸ்ரைரீனிற் கரைந்துவிடும், பெற்றோலிலும் கரையும். எப்பொக்சி அதனைக் கரைப்பதில்லை. எந்த நுரையாயினும், காற்றுப் புகாத மூலையில் அடைத்துவிட்டால் இடுக்கில் ஈரம் தேங்கி அருகிலுள்ள மரம் உக்கும். ஆதலின் அதனைத் திறந்து பார்க்கக்கூடிய மூடியும், நீர் வடியும் வழியும் வேண்டும்.

பழைய தோணியில் ஓடாவி செய்த பிழை நீரில் இறக்கிய அன்றே ஒழுகிக் காட்டிக் கொடுத்தது. புதிய தோணியில் இறுகாத மூட்டும், மூடாத துளையும், இடம் மாறிய நுரையும் வண்ணத்தின்கீழ் அழகாக மறைந்திருக்கும். கரைக்கு அப்பால், காற்று மிகுந்த நாளில்தான் அவை வெளிப்படும். அதனாற் கட்டுவோன் தன்னைத் தானே சோதித்தல் கடமையாகின்றது. ஒவ்வொரு முறை கலக்கும்போதும் சிறிதளவு பிசினைத் தனியே வைத்துத் திகதி குறித்து, இறுகியபின் நகத்தால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். இரு மரத்துண்டுகளை ஒட்டி முறித்துப் பார்த்தலும் வேண்டும். பிசின் விலகாது மரமே கிழியுமாயின் மூட்டு நன்று. ஈற்றில், முதற்பயணத்திற்கு முன்னரே, இடுப்பளவு நீரில் தோணியை வேண்டுமென்றே நீரால் நிரப்பி, அதிற் செல்லவிருப்போரை ஏற்றி, அது நிமிர்ந்து மிதக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அங்கே கவிழும் தோணியால் உடைகள் மட்டுமே நனையும். அச்சோதனையைத் தவிர்த்தவன் அதனை ஆழ்நீரில் எழுத நேரும்.