பட்டறை வாசல் – 14: வால்வு புதுசு, ஒழுகல் பழசு

திருவையாற்றைத் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தில் ஏறி இறங்கினால் திருமானூர். அங்கிருந்து கீழப்பழூர் வழியாக அரியலூர் போகும் சாலையில், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற கார்களுக்குச் சித்திரை வெயிலில் சூட்டு முள் ஏறுவது புதிதல்ல. அந்த நேரத்தில் கூலன்ட் யார் தேடுகிறார்கள்? பக்கத்து போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிட்டுக் கிளம்புவார்கள்.

வினை அங்கேதான் தொடங்குகிறது. அரியலூர்ப் பக்கம் மண்ணுக்கடியில் கிடப்பது டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல். அரசு சிமெண்ட் ஆலை அங்கே வந்ததும் அதை நம்பித்தான். பாறையில் ஊறி வரும் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏறினால் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் வெளுத்துப் போகிறதே, அதே சங்கதி. வெறும் தண்ணீரில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் கிடையாது. ஆகவே வால்வு சிக்குகிறது. அது உட்காரும் அலுமினிய முகமும் குழி விழுகிறது.

மெக்கானிக்குகள் வால்வு என்று சொல்வது தெர்மோஸ்டாட்டைத்தான். உள்ளே மெழுகு அடைத்த சிறு குப்பி. 82 அல்லது 88 டிகிரியில் மெழுகு உருகிப் பருத்து, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்துவிடும். 1930-களில் செர்ஜியஸ் வெர்னெட் கண்ட ஏற்பாடு இது. இன்றும் பெரும்பாலான கார்களில் இதுதான்.

புது வால்வு போட்ட மறுநாளே ஒழுகினால் "பீஸ் சரியில்லைங்க" என்பார்கள். நான் முதலில் முகத்தைத்தான் சந்தேகிப்பேன். பழைய பேக்கிங்கை ஸ்குரூ டிரைவரால் சுரண்டியிருந்தால் அலுமினியத்தில் கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறலே வாய்க்கால். முகத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள், இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் போல்ட்டை எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. இன்னொன்று, வால்வு தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் நழுவியிருக்க, அது தெரியாமல் மூடியை இறுக்குவது. மூடியின் காது உடையும். பிளாஸ்டிக் மூடி என்றால் கேட்கவே வேண்டாம். எல்லா போல்ட்டையும் கையால் முழுக்கத் திருகிவிட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரப்பர் வளையம் வைத்த வால்வுக்குப் பேஸ்ட் தேவையே இல்லை. அப்பினால் பிதுங்கியது உள்ளே உடைந்து ரேடியேட்டர் குழாயை அடைக்கும்.

ஆறிய வண்டியில் ஒழுகலைத் தேடுவது வீண். சென்ற வாரம் பார்த்த ரேடியேட்டர் மூடி, உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது சூடான பிறகுதான். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். சிந்திய கூலன்ட்டை உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் பிழைப்பது கடினம்.

"வால்வே வேணாம், கழட்டிப் போட்டுடலாம்" என்ற யோசனையும் வரும். கேட்காதீர்கள். எஞ்சின் சூடேறாமலே ஓடும், டீசல் கூடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சொட்டினால், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சின்னத் துளையைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குற்றம் வால்வில் இல்லை, பம்பில். அதை அடுத்த வாரம் கழற்றுவோம்.