மறைபொருளும் மக்களாட்சியும்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியிற் கலப்பது நொய்யல் ஆறு. சாயக்கழிவு கலந்தமையால் இவ்வாற்றின் ஒரத்துப்பாளையம் அணைநீர் உழவுக்கு உதவாது கெட்டதைக் கொங்கு நாட்டார் நன்கறிவர். கழிவு கலந்த இடம் ஒன்று. பயிர் கருகிய இடம் மற்றொன்று. கலந்தவர் இன்னார் எனத் தெரிந்தாலன்றிக் கீழ்ப்புறத்து உழவன் எவரிடம் சென்று முறையிடுவான்? மக்களாட்சியில் பாயும் பணமும் இத்தகையதே. அது புறப்பட்ட இடம் மறைக்கப்படுமாயின், தீங்கு குடிமக்களை வந்தடையும். தீங்கிழைத்தவரோ கண்ணுக்குப் புலப்படார்.

அயலார் தலையீடு என்பது யாது? அயல்நாட்டாரோடு நாம் கொள்ளும் உறவெல்லாம் தலையீடு ஆகாது. திருப்பூரில் நெய்து தைக்கும் பின்னலாடைகளை ஐரோப்பியரும் அமெரிக்கரும் விலைகொடுத்து வாங்குகின்றனர், அது வாணிகம். நம் அரசின் கொள்கை தவறென்று பிறநாட்டு அறிஞர் ஒருவர் தம் பெயரிட்டு எழுதினால், அது கருத்து. ஆனால், நம் நாட்டுச் சட்டத்தைத் தமக்கேற்ப வளைக்க விரும்பும் அயலார், தம்மை மறைத்துக்கொண்டு ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ பொருள் வழங்குவாராயின், அதுவே தலையீடு. அப்பொருளைப் பெற்றவர் வாக்களித்த மக்களுக்குக் கடமைப்பட்டவரா, பணம் அளித்தவருக்குக் கடமைப்பட்டவரா என்பது பின்னர் விளங்காது போகும்.

இத்தீங்கு புதியதன்று. இதற்குரிய பழைய சான்று ஒன்று நம் தமிழகத்திலேயே தொடங்கியது. 18-ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, சென்னையிலிருந்த ஆங்கிலேயரிடம் மிகுந்த வட்டிக்குக் கடன் பெற்று, தம் நாட்டின் நிலவரி வருவாயை அதற்கு ஈடாக்கினார். அவ்வாறு கடன் கொடுத்தவருள் ஒருவரான பால் பென்பீல்டு என்பார் தாயகம் திரும்பி, 1780-இல் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினரானார். கடன் கொடுத்தோர்க்கு வேண்டியவர் வேறு சிலரும் அவ்வவையில் இடம்பெற்றனர். பின்னர், அக்கடன்களைத் தீர ஆராயாமலே அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் எட்மண்டு பர்க்கு என்னும் பேரறிஞர் அவையில் எழுந்து, கடன் கொடுத்தோரின் செல்வாக்கே இம்முடிவுக்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டினார். தமிழ் உழவரிடம் திரட்டிய பொருள், கடல் கடந்த நாட்டின் அவையையும் அசைக்கவல்லதாயிற்று. பிறர் பொருளால் ஆங்கில மன்றத்துக்கு நேர்ந்தது, நம் மன்றங்களுக்கு நேராதென்று எண்ணுதல் பேதைமையாகும்.

இதனையுணர்ந்தே இந்தியா 1976-இல் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் ஒன்று 2010-இல் வகுக்கப்பட்டது. வேட்பாளர், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர், அரசியற் கட்சிகள், நீதிபதிகள், அரசு ஊழியர், செய்தித்தாள் ஆசிரியர் முதலியோர் அயல்நாட்டு நன்கொடை பெறுதல் அதன்படி குற்றம். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி.

எனினும், கட்டிய வேலியிலும் பொத்தல் விழுவதுண்டு. பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அயல்நாட்டாரிடம் இருப்பினும், முதலீட்டு வரம்புக்குள் அமைந்த நிறுவனத்தை அயலாராகக் கொள்ள வேண்டுவதில்லை என 2016-இல் திருத்தம் செய்யப்பட்டது. 2018-இல் அத்திருத்தம் 1976 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே தேர்தல் பத்திரங்களும் நடைமுறைக்கு வந்தன. வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்கு அளிப்பவரின் பெயர் மக்களுக்குத் தெரியாது. இத்தகைய மாற்றங்களால் அயல்நாட்டுப் பணம் தடையின்றி நுழையக்கூடும் எனத் தேர்தல் ஆணையமே 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைத்தது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்த ஆயம், 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் அப்பத்திரத் திட்டத்தை ஒருமனதாகச் செல்லாததாக்கியது. கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வாக்காளரின் உரிமை என்பதே தீர்ப்பின் அடிப்படை. மறைந்திருந்த பெயர்கள் அடுத்த திங்களிலேயே வெளியாயின. ஆயினும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தீர்ப்பால் நீங்கவில்லை. ஆதலின், சட்டத்தைக் காக்கும் விழிப்பு ஒரு நாளோடு முடிவதன்று என்க.

விழிப்புக்குரிய கருவிகள் நம் கையில் உள்ளன. தகவல் பெறும் உரிமைக்கென 1997-இல் இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது நம் தமிழ்நாடே. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. வேட்பாளர் தம் சொத்து, கடன், கல்வி, வழக்கு ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்னும் நிலை, உச்ச நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் உருவாயிற்று. பொள்ளாச்சியிலோ கோபிசெட்டிபாளையத்திலோ உள்ள வாக்காளர் ஒருவர், இன்று அப்பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்திற் படித்தறியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அயலார் தலையீட்டைத் தடுப்பதாகச் சொல்லி, அரசைக் குறைகூறுவோர் வாயை அடைக்கவும் அறப்பணி செய்வோரை வருத்தவும் சட்டத்தைப் பயன்படுத்துவோர் உலகில் உண்டு. அமெரிக்கா 1938-இல் இயற்றிய சட்டம், பிறநாட்டாருக்காக அரசியற்பணி செய்வோர் தம்மைப் பதிவு செய்துகொண்டு வரவு செலவை வெளியிட வேண்டும் என்கிறது. பேசுதலை அது தடுக்கவில்லை. ‘யார் பொருளால் பேசுகிறாய்?’ என்று வினவுதல் வேறு. ‘பேசாதே’ என்று ஒடுக்குதல் வேறு. முன்னது மக்களாட்சியைக் காக்கும். பின்னது அதனையே அழிக்கும். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே அளவுகோல் அமைந்தாலன்றி அச்சட்டம் நடுநிலை உடையதாகாது.

மாணவர்களே! 18 வயது நிறைந்ததும் நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். ஒரு கட்சியின் கொள்கையை ஆராயும்போது, அதன் கணக்கையும் உடன்வைத்து ஆராயுங்கள். நாட்டின் எல்லையைப் படைவீரர் காப்பர்; நாட்டின் வாக்குப்பெட்டியைக் காக்கும் பொறுப்பு, கேள்வி கேட்கத் துணிந்த குடிமக்களையே சார்ந்தது.