கட்டற்ற மென்பொருளின் கதை – 11: அடுத்த பதிப்பில் என்ன வரும்?

வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு குறை இருக்கிறது என்றோ, ஒரு வசதி வேண்டும் என்றோ யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு 'டிக்கெட்' ஆகி, எண் பெற்று, 'ட்ராக்' என்ற பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். எந்தப் பதிப்பில் செய்யப்போகிறோம் என்று குறிப்பதற்கு அதில் ஒரு கட்டம் உண்டு. புதிதாக வந்த டிக்கெட் 'பரிசீலனைக்குக் காத்திருக்கிறது' என்று நிற்கும். செய்வதென்று எடுத்துக்கொண்டால் வரப்போகும் பதிப்பின் எண் கிடைக்கும். யோசனை நல்லதுதான், இப்போதைக்கு முடியாது என்றால் 'வருங்கால வெளியீடு' என்று எழுதிவிடுவார்கள். அங்கே போனவற்றில் சில அடுத்த ஆண்டே உயிர் பெறும். சில பத்து ஆண்டுகள் தாண்டியும் அப்படியே கிடக்கும்.

உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்த மென்பொருளில்தான் ஓடுகின்றன. தமிழில் நாம் படிக்கும் செய்தித் தளங்களும் இணைய இதழ்களும் பல இதில் அடக்கம். பராமரிப்பார் இல்லாமல் நின்றுபோன பி2 என்ற நிரலை எடுத்து, மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் 2003 மே 27 அன்று வெளியிட்டதில் தொடங்கிய கதை இது. கடைசிச் சொல் இன்றும் முல்லன்வெக்குடையது. ஆனால் வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்கு அவர் சம்பளம் கொடுப்பதில்லை. நிறையப் பேர் தன்னார்வலர்கள். வேறு பலர் வெவ்வேறு நிறுவனங்களின் ஊழியர்கள். இவர்களிடம் 'இதை முடித்துக் கொடு' என்று யாரும் உத்தரவு போட முடியாது. அப்படியானால் எது முதலில், எது பிறகு என்பது எப்படி முடிவாகிறது?

2013-இல் நடந்த ஒன்று இதைப் புரிந்துகொள்ள உதவும். 3.6 பதிப்பின் முக்கியமான புதுமையாக, பதிவின் வகைக்கு ஏற்ப எடிட்டர் திரையே மாறும் ஒரு வசதியைத் திட்டமிட்டிருந்தார்கள். படம் என்றால் ஒரு திரை, மேற்கோள் என்றால் இன்னொன்று, காணொளி என்றால் வேறொன்று. ஏப்ரல் கடைசியில் பதிப்பு வந்திருக்க வேண்டும். வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது, ஆனால் பயன்படுத்திப் பார்த்தபோது திருப்தி வரவில்லை. திருத்தினார்கள், மறுபடி திருத்தினார்கள். கடைசியில் பதிப்பின் பொறுப்பாளர் மார்க் ஜாக்வித் தலைமையிலான குழு அதை மொத்தமாக வெளியே எடுத்துவிட்டது. அந்த வசதி இல்லாமலே ஆகஸ்ட் 1 அன்று 3.6 வந்தது. மாதக்கணக்கில் உழைத்ததைத் தாமே நீக்குவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அரைகுறையாக ஒன்றை லட்சக்கணக்கான தளங்களில் இறக்கிவிட்டால் பிறகு திரும்பப் பெறவே முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த அடிக்குப் பிறகு வழிமுறையே மாறியது. பெரிய மாற்றம் எதுவானாலும் முதலில் தனிச் செருகுநிரலாக உருவாகட்டும். விரும்புவோர் நிறுவிப் பார்க்கட்டும். பழுத்த பிறகு மென்பொருளின் மையத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பழுக்கவில்லை என்றால் பதிப்பு அதற்காகக் காத்திருக்காது. 2013 டிசம்பரில் 3.8-இல் வந்த புதிய நிர்வாகத் திரை இப்படி வளர்ந்ததுதான். வெளி மென்பொருள்கள் வேர்ட்பிரஸுடன் பேசுவதற்கான ரெஸ்ட் ஏபிஐ 2013-இல் ரயன் மெக்யூ என்ற மாணவரின் கோடைக்காலத் திட்டமாகத் தொடங்கியது. அதன் அடித்தளம் 2015 டிசம்பரில் 4.4-இலும், பதிவுகளைக் கையாளும் பகுதி 2016 டிசம்பரில் 4.7-இலும் மையத்துக்குள் வந்தன. மூன்று ஆண்டுகளுக்கு மேல் விடாமல் தூக்கிச் சுமக்க ஆள் இருந்ததால்தான் அது நடந்தது.

இந்த வழிமுறை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது குட்டன்பர்கில். எழுதும் திரையைப் பத்தி, படம், தலைப்பு என்று தனித்தனிக் கட்டங்களாக மாற்றும் புதிய எடிட்டர் அது. 2017-இல் செருகுநிரலாக வெளிவந்தது. 2018 நவம்பர் 19-இல் 5.0 பதிப்போடு மையத்தில் சேரும் என்றார்கள். தேதி தள்ளிப்போய் டிசம்பர் 6 ஆனது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளோடு அது ஒத்துப்போகவில்லை என்ற புகார் தீராத நிலையில், அணுகல்தன்மைக் குழுவின் தலைவர் ரியான் ரீட்வெல்ட் அந்த அக்டோபரில் விலகினார். இதில் என் மனம் அவர் பக்கம்தான். வசதி பழுத்த பிறகே சேர்ப்பது என்று ஐந்து ஆண்டுகளாகக் காத்துவந்த ஒழுங்கை, தேதிக்காக அன்று தளர்த்தினார்கள். பழைய எடிட்டரே போதும் என்றவர்களுக்காக விட்ட செருகுநிரலை லட்சக்கணக்கான தளங்கள் நிறுவிக்கொண்டன. பல ஆண்டுகள் கழித்தும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

ஆனாலும் குட்டன்பர்கைக் கட்டியவர்கள் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். கட்டங்களின் எல்லையை எச்டிஎம்எல் குறிப்புரைகளாக, வாசகர் கண்ணுக்குத் தெரியாத வரிகளாக, பதிவின் உள்ளேயே எழுதிவைத்தார்கள். நாளை குட்டன்பர்கே இல்லாமல் போனாலும் கட்டுரை கட்டுரையாகவே இருக்கும். இருபது ஆண்டு எழுத்தை ஒரு மென்பொருளை நம்பி வைத்திருக்கும் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன?

குட்டன்பர்குக்கு நான்கு கட்டப் பயணம் அறிவிக்கப்பட்டது. எழுதுவதை எளிதாக்குவது முதலாவது. முழுத் தளத்தின் வடிவமைப்பையும் அதே முறைக்குக் கொண்டுவருவது இரண்டாவது; 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு அது கைக்கு வந்தது. பலர் சேர்ந்து ஒரே பதிவில் வேலை செய்வது மூன்றாவது. பல மொழிகளில் ஒரே தளத்தை நடத்துவது நான்காவது, அதாவது கடைசி.

தமிழும் ஆங்கிலமுமாகத் தளம் நடத்தும் யாருக்கும் அந்தக் கடைசி இடம் உறுத்தும். இன்று அதற்கு வெளிச் செருகுநிரல்களைத்தான் நம்ப வேண்டும். அவை ஒவ்வொன்றும் ஒரு வழியில் போகின்றன. பாலிலாங் ஒரு பதிவையும் அதன் மொழிபெயர்ப்பையும் பகுப்புச் சொற்களைக் கொண்டு கோக்கிறது. டபிள்யூபிஎம்எல் தனக்கென்று தனி அட்டவணைகள் வைத்துக்கொள்கிறது. மல்டிலிங்குவல்பிரஸ் மொழிக்கு ஒரு தளம் என்று பிரித்துவிடுகிறது. மையம் எதைத் தேர்ந்தாலும் மற்ற வழிகளில் ஏற்கெனவே இயங்கும் தளங்கள் தவித்துப்போகும். பழைய தளம் எதுவும் உடையக் கூடாது என்பதை வேதமாகக் கொண்ட குழு தயங்குவது புரிகிறது.

வேர்ட்பிரஸைப் போலவே தளங்களை நடத்த உதவும் இன்னொரு கட்டற்ற மென்பொருளான ட்ரூபலின் குழு எதிர்த்திசையில் போனது. 2011-இல் எட்டாம் பதிப்பின் வேலை தொடங்கியபோதே பன்மொழியைத் தனி முன்னெடுப்பாக்கி, ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோய்ட்சியிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். 2015 நவம்பர் 19-இல் ட்ரூபல் 8 வந்தபோது மொழி, இடைமுகம், உள்ளடக்கம், அமைப்புகள் என்று நான்கு நிரல்கூறுகள் மையத்திலேயே இருந்தன. நிறுவும்போது முதல் திரையிலேயே மொழியைக் கேட்கும். ஆங்கிலத்தை வேண்டாம் என்று நீக்கிவிடவும் முடியும். இதெல்லாம் இலவசமாகக் கிடைக்கவில்லை. உள்ளமைப்பு அவ்வளவு மாறியதால் ஏழிலிருந்து எட்டுக்குப் போவது ஏறக்குறைய தளத்தைப் புதிதாகக் கட்டுவதாக ஆயிற்று. போக முடியாதவர்களுக்காக ஏழாம் பதிப்பின் ஆதரவை மறுபடி மறுபடி நீட்டி, 2025 ஜனவரி 5-இல்தான் முடித்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு, இந்த ஒரு விஷயத்தில் ட்ரூபல் எடுத்த முடிவே சரி என்று நினைக்கிறேன். வெளிச் செருகுநிரலாகவே ஒன்று நீடிக்கும்வரை அதன் கட்டணத்தையும் கோளாறையும் சுமப்பவர்கள் சிறு மொழிக்காரர்கள்தான்.

இவ்வளவு பெரிய விஷயம் எதற்கு? பதிவின் முகவரியையே எடுத்துக்கொள்வோம். அதைச் சேமிக்கும் தரவுத்தள நெடுவரிசையில் வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடம் 200 குறிகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு குறி போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் சதவீதக் குறியோடு எழுதும்போது ஒன்பது குறிகள். 'தமிழ்நாடு' என்பதில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேர்த்து ஒன்பது குறியீடுகள். ஒரு சொல்லுக்கே 81 போய்விடுகிறது. 'தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் காலை உணவு' என்று தலைப்பு வைத்தால், முகவரி 'தமிழ்நாடு-அரசுப்-பள்ளிகள' என்று முறிந்து நிற்கும். உணவும் போயிற்று, காலையும் போயிற்று. இந்திக்கும் வங்காளத்துக்கும் தாய்லாந்து மொழிக்கும் இதே கதிதான்.

அந்த இடத்தை இரட்டிப்பாக்குங்கள் என்ற கோரிக்கை மிகப் பழையது. எண்ணை மாற்றுவது சிறு வேலைதான். ஆனால் பதிப்பு மேம்படும்போது ஒவ்வொரு தளத்திலும் பதிவுகளின் அட்டவணை அமைப்பே மாற்றப்பட வேண்டும். மலிவான சர்வரில் லட்சம் பதிவுகள் வைத்திருக்கும் தளம் பாதியில் நின்றுவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தைப் போக்க 'எங்களுக்கும் வேண்டும்' என்று கீழே வரிசையாகக் கையெழுத்திட்டால் போதாது. நிஜமான ஒரு தமிழ்த் தளத்தின் நகலை எடுத்து, அட்டவணையை மாற்றி, எத்தனை நொடி பிடித்தது, தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பு, பழைய முகவரிகள் அப்படியே திறக்கின்றனவா என்று சோதித்து, முடிவுகளைத் திருத்த நிரலுடன் (பேட்ச்) சேர்த்து டிக்கெட்டில் இணைக்க வேண்டும். தாய்லாந்திலிருந்தோ டாக்காவிலிருந்தோ யாராவது செய்வார்கள் என்று காத்திருக்காமல், பெரிய தமிழ்த் தளங்களை நடத்தும் நிறுவனங்கள் தங்கள் நிரலாளர் ஒருவருக்கு ஒரு மாதம் இதற்கென்று ஒதுக்கலாம். சோதித்துப் பார்க்கத் தேவையான லட்சம் பதிவுகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

அடுத்த வாரம்: பதிப்பு வெளிவரும் முன் திரைச்சொற்களை உறையவைத்த பிறகு, இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் ஆகிய இரு மொழிபெயர்ப்புகளும் கடக்க வேண்டிய சில வாரங்கள்.

(தொடரும்)