கத்தரிக்கோலை ஒளிக்காதீர்கள், பழக்கிக் கொடுங்கள்!



அண்மையில் சங்க வேலையாக ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"அண்ணே, பையன் ஒன்னாம் வகுப்புப் போறான். தாளை வெட்டி ஒட்டச் சொன்னா அழுவுறான். மத்த பிள்ளைங்க சிரிக்குதுங்களாம். இவன் மக்காண்ணே?"

"வீட்டில் கத்தரிக்கோல் கொடுத்ததுண்டா?" என்று கேட்டோம்.

"ஐயோ, கையை வெட்டிக்குவான்னு அலமாரி மேல வெச்சிருக்கேன்!"

பையன் மக்கு அல்ல. பழகாத கை, அவ்வளவுதான். நம்மில் யார் முதல் நாளே ஒழுங்காகப் பால் வெட்டினோம்? பழைய மரத்தில் பழகி, பட்டையின் ஆழம் கைக்குத் தெரிந்த பிறகுதானே நல்ல நிரையில் விட்டார்கள்? பிள்ளைக்கும் அதே முறைதான்.

முதலில் விரலுக்குப் பலம் வேண்டும். 3 வயதுக்கு முன்பே பழைய பத்திரிகையைக் கிழித்து விளையாடட்டும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள், பிசையட்டும். துணி கிளிப்பை டின் விளிம்பில் மாட்டிக் கழற்றட்டும்.

3 வயதானதும் முனை மழுங்கிய சிறிய கத்தரிக்கோல் ஒன்று வாங்குங்கள். கட்டைவிரல் மேலே இருக்க வேண்டும். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். மாவைக் கயிறுபோல் உருட்டி வெட்டச் சொல்லுங்கள். அடுத்து, இரண்டு விரல் அகல அட்டை. ஒரே வெட்டில் துண்டாகிவிடும். மெல்லிய தாள் மடங்கும். பழைய கல்யாணப் பத்திரிகையே நல்லது. வெட்டிய துண்டுகளைக் காசாக்கிக் கடை வைத்து விளையாடுங்கள்.

4 வயதில் நேர்கோடு, 5, 6 வயதில் வட்டம். வட்டத்திற்கு மற்றக் கைதான் தாளைத் திருப்ப வேண்டும். ஒரு பிள்ளை முந்தும், ஒரு பிள்ளை பிந்தும், அதற்காக அடிக்காதீர்கள்.

இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றாதீர்கள். சாதாரணக் கத்தரிக்கோலின் அலகு அதன் கண்ணுக்குக் கோட்டை மறைக்கும். இடக்கைக்கென்றே செய்தது உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பிள்ளை உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும். விளையாட்டு முடிந்ததும் கத்தரிக்கோல் மீண்டும் அலமாரிக்குப் போகட்டும்.

அந்தத் தாயிடமும் இதையே சொன்னோம். 7 வயதுப் பையனும் முதல் படியிலிருந்தே ஏறலாம், வெட்கமில்லை.

விடியற்காலையில் பிரட்டுக்கு ஓடும் நமக்கு நேரமில்லைதான். மாலையில் பத்து நிமிடம் போதும். நாளை பென்சில் பிடிக்கப் போவதும் அதே விரல்கள்தான். நம் பிள்ளை வகுப்பில் அழாமல் உட்காரட்டும்!