கிரான் வீதியும் மைனர் எஞ்சினும்: நெம்புருள் தண்டைத் தேர்தல் பற்றிய ஒரு விளக்கம்

இலங்கையின் வீதிகளில் மொறிஸ் மைனர் கார்கள் இன்றும் ஓடுவதை வெறும் பழமைப் பற்றின் விளைவாகக் கொள்வது பொருந்தாது. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இக்கார், 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இங்கு விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் பின்னர், திருத்தித் திருத்தியே பயன்படுத்தப்படவேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கியது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. இத்தகைய சூழலில் பழைய எஞ்சினொன்றைச் சிறிதளவு மேம்படுத்த விழைவோன் செய்யும் தவறு இலகுவில் ஈடுசெய்யக்கூடியதன்று. அத்தவறு பெரும்பாலும் நிகழ்வது நெம்புருள் தண்டைத் தெரிவு செய்வதிலேயாகும். கராச் வழக்கில் இது ‘கேம் ஷாப்ட்’ எனப்படும்.

கிராங்க் ஷாப்ட் இரு முறை சுழல, நெம்புருள் தண்டு ஒரு முறை சுழல்கிறது. அதிலுள்ள முட்டை வடிவ முனைப்புகள் வால்வுகளைத் திறக்கின்றன. எந்த வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரும், எப்போது மூடும் என்பனவற்றை அம்முனைப்புகளின் வடிவமே தீர்மானிக்கிறது. எஞ்சின் எவ்வேகத்தில் நன்கு இழுக்கும் என்பதும் பெருமளவில் இதனைப் பொறுத்ததே.

மைனரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினில், உள்ளிழுக்கும் வால்வு பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 5 பாகை முன்னர் திறந்து, பிஸ்டன் அடிநிலையைக் கடந்து 45 பாகையில் மூடுகிறது. எனவே அது திறந்திருக்கும் காலம் 230 பாகையாகும். வெளியேற்றும் வால்வு அடிநிலைக்கு 40 பாகை முன்னர் திறந்து, உச்சிக்கு 10 பாகை பின்னர் மூடுகிறது. இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் காலம் 15 பாகை மட்டுமே. மேம்படுத்துவோர் பலர் நாடும் எம்.ஜி. மெற்றோ காரின் தண்டிலோ உள்ளிழுக்கும் வால்வு 16 பாகை முன்னர் திறந்து 56 பாகையில் மூடுகிறது. இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் காலம் 45 பாகையாகிறது.

இவ்வெண்களுள் முதன்மையானது உள்ளிழுக்கும் வால்வு மூடும் கணமாகும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னரும் அவ்வால்வு திறந்திருக்கிறது. உயர் வேகத்தில், விரைந்து வரும் கலவை தன் உந்தத்தினால் தொடர்ந்து உள்ளே நுழையும். ஆதலின் தாமதித்து மூடுதல் நன்மையாகும். தாழ் வேகத்திலோ உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திருப்பித் தள்ளப்படும். அப்போது சிலிண்டரில் உண்மையில் நெருக்கப்படும் கலவை குறைந்து, முறுக்குவிசையும் வீழ்கிறது. 948 எஞ்சின் 8.3 நெருக்கல் விகிதத்துடனும், தரங்குறைந்த பெற்றோலுக்காக 7.2 விகிதத்துடனும் தயாரிக்கப்பட்டது. பின்னதில் நெருக்கல் விகிதத்தை உயர்த்தாமல் நீண்ட நேரத் தண்டைப் பொருத்துவது இருந்த இழுவையையும் இழப்பதாகவே முடியும்.

பிறிதொரு தடையும் உண்டு. இவ்வெஞ்சினின் நான்கு சிலிண்டர்களுக்கும் உள்ளிழுக்கும் வழிகள் இரண்டே. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒரே வழியைப் பகிர்வதால், வால்வு திறந்திருக்கும் நேரம் நீள நீள, ஒன்றன் பங்கினை மற்றது கவர்ந்துகொள்ளும் நிலையும் மிகுகிறது.

இனி வீதியை நோக்குவோம். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருவீதியில், சித்தாண்டிக்கும் வாழைச்சேனைக்கும் இடையே கிரான் அமைந்துள்ளது. நிலம் சமதரை. மேற்கே புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் வீதி மாரிவெள்ளத்தினால் பலமுறை துண்டிக்கப்பட்டதாகும். ஆட்களையும் நெல் மூடைகளையும் ஏற்றிச் சேற்றிலும் மணலிலும் மெதுவாக இழுத்துச் செல்வதே இங்கு ஒரு காருக்குரிய வேலை. 948 எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையான 50 இறாத்தல் அடியை நிமிடத்திற்கு 2500 சுற்றுகளிலேயே அளிக்கிறது. அதாவது நான்காம் கியரில் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர் வேகத்தில். அதன் உச்ச வலுவான 37 பரிவலு கிடைப்பதோ 4750 சுற்றுகளை அண்மித்தே. அவ்வேகத்தை இவ்வீதியில் எவரும் நெடுநேரம் பயன்படுத்துவதில்லை. பயன்படாத வேகத்திற்காகப் பயன்படும் இழுவையை விற்பது எவ்வகைச் சிக்கனம்?

ஆகவே காபரேற்றரையும் வெளியேற்றுக் குழாயையும் சிறிது மாற்றி, நெருக்கல் விகிதத்தை 9 அளவிற்கு உயர்த்திய எஞ்சினுக்கும், உள்ளிழுக்கும் வால்வை 45 பாகையை ஒட்டியே மூடும் தண்டு போதுமானது. மைனரின் 1098 எஞ்சினில் இதற்கான விடையொன்று முன்னரே காணப்பட்டது. அதில் உள்ளிழுக்கும் நேரம் மாற்றப்படாது, வெளியேற்றும் வால்வு திறந்திருக்கும் காலம் மட்டும் 252 பாகையாக நீட்டப்பட்டது. நெடுந்தூரம் விரைந்து செல்வோருக்கு மெற்றோ வகைத் தண்டு பொருந்தலாம். எதுவாயினும் ஒயில் பம்பை இயக்கும் முனை எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடுவதனால், அதனை வாங்குமுன் ஒப்பிட்டு நோக்குதல் அவசியம்.

தெரிவுடன் பணி முடிவதில்லை. தேய்ந்த சங்கிலி வால்வு நேரத்தைப் பின்தள்ளுமாதலால் புதுச் சங்கிலி இட்டு, பாகைத் தட்டும் அளவுமானியும் கொண்டு நேரத்தைச் சரிபார்த்தல் வேண்டும். மேற்கூறிய தண்டுகள் அனைத்திலும் உள்ளிழுக்கும் வால்வு உச்சிக்கு 110 பாகை பின்னர் முழுமையாகத் திறந்திருத்தல் முறையாகும். பழைய டாப்பெட்டுகளைப் புதிய தண்டுடன் சேர்த்தல் கூடாது. முதன்முறை இயக்கும்போது ஏறத்தாழ 20 நிமிடங்கள் 2000 சுற்றுகளுக்குக் குறையாமல் ஓடவிடுதலும், நாகமும் பொசுபரசும் சேர்ந்த தேய்வுத்தடைப் பொருள் போதியளவு கலந்த ஒயிலைப் பயன்படுத்துதலும் முனைப்புகளைக் காக்கும்.

விளம்பரங்கள் உச்ச வலுவையே பேசும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் தொழிலாளியோ ‘வண்டி எங்கே ஓடப்போகிறது?’ என்றே முதலில் வினவுவான். அவ்வினாவே விஞ்ஞான நோக்குடையது. எண்களை வீதியோடும் உழைப்போடும் பொருத்திப் பார்க்கும் அவ்வறிவு கராச்சுகளில் பேச்சாக மட்டுமே நின்று மறைந்துவிடாது, தமிழில் எழுத்தாகவும் நிலைபெறவேண்டும்.